உப்பும் ஊசியும் வெள்ளரி விதையும்

போன மாதம் எடிசனில் ஒரு சீனக் கடைக்கு நானும் மகள் நஸ்ரினும் போயிருந்தோம். பாஸ்டனில் வேலை பார்க்கிறவள், நாலு நாள் லீவில் வந்திருந்தாள். மீன் வெட்டும் மேசைக்கு எதிர்வரிசையில் யாரோ ஒரு கண்ணாடிப் புட்டியைக் கீழே போட்டு உடைத்திருந்தார்கள். உள்ளே இருந்தது இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது. கடைப்பையன் மஞ்சள் பலகையை நிறுத்திவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். நஸ்ரின் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உம்மா, வாட் டைடு இன் ஹியர்?" என்றாள். நான் நின்று நன்றாக ஒரு மூச்சு இழுத்தேன். எங்கள் கீழக்கரையில் கூனி என்கிற பொடி இறால் காயப்போட்ட பாயை மடக்கும்போது வருகிற அதே வாசம்.

"ஊர்ல கூனின்னு ஒண்ணு உண்டு. அது மாதிரி இது" என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு முன்னால் போய்விட்டாள். நான் சொன்னது பாதிதான். மீதிப் பாதியை இருபது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்லப்போகிறேன், நீங்கள் போய் அவளிடம் சொல்லமாட்டீர்கள் என்று நம்பி. ஒருவரை நம்பி ஒன்றைச் சொல்வது எனக்குப் பழக்கமில்லாத காரியம், பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியை நம்பமாட்டேன், முகர்ந்துதான் ஊற்றுவேன். "நீ மௌத்தாப் போனாலும் கபர்ல இருந்து எந்திரிச்சு வந்து அடுப்ப அணைச்சாச்சான்னு பாப்பே" என்பார் மச்சான். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர்; எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அல்லாவின் கருணை, எனக்கு வாய்த்த வேலையும் அதற்குத் தோதாக அமைந்தது. சாஃப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதிய ப்ரோகிராமில் எங்கே தப்பு இருக்கும் என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை சந்தேகப்பட வேண்டும். அதற்கு ஒவ்வொரு வருஷமும் நல்ல அப்ரைசல் வேறு வாங்கினேன்.

இரண்டாயிரத்தொன்று செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க என்னை மாதிரி ஆகிவிட்டது. அதுவரை லிஃப்டில் வானிலை பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர்கள், எங்கள் பெயரைக் கேட்டதும் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மச்சான் தாடியை ஒட்டக் கத்தரித்துக்கொண்டார். நான் தலைத்துணியைக் கழுத்துக்குப் பின்னால் கட்டி, ஏதோ ஃபேஷன் போலக் காட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். அந்தச் சமயத்தில்தான் யாரோ தபாலில் ஆந்த்ராக்ஸ் என்ற விஷக்கிருமியை வெள்ளைப் பொடியாக வைத்து அனுப்பினார்கள். அனுப்பிய கடிதங்கள் எங்கள் நியூ ஜெர்ஸியிலேயே தபாலில் சேர்க்கப்பட்டவை. பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையை மாட்டிக்கொண்டு, பார்க்கிங் லாட்டில் நின்று, கையை நீட்டி எட்டப் பிடித்துக் கரண்ட் பில்லைப் பிரித்த குடும்பம் எங்களுடையது. ஊர் எங்களைச் சந்தேகப்பட்டது, நாங்கள் தபாலைச் சந்தேகப்பட்டோம்.

அப்போது ஐசலினில் ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். செங்கல் கட்டடங்கள், இரண்டே மாடி. ஓக் ட்ரீ ரோட்டில் வெங்காயமும் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு நடந்தே வந்துவிடலாம். கட்டடத்துக்கு ஒரு லாண்டரி ரூம். அங்கேதான் சுமியாத்தியைப் பார்த்தேன். உலர்த்தியிலிருந்து துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த காப்பிக்கலர் பதிக் துணி, என் வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கட்டிக்கொண்டு போகும் கைலி அச்சாக அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து சலாம் சொன்னாள். இந்தோனேஷியா, கிழக்கு ஜாவா, சுமி என்று கூப்பிட்டால் போதும் என்றாள். புருஷன் ஸ்லாமெத் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி ஏற்றுகிறான். இவள் வீட்டிலேயே இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். நஸ்ரினுக்கு அப்போது மூன்று வயது. டேகேரில் காய்ச்சல் மாற்றிக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. அடுத்த திங்களே அவளைச் சுமியிடம் விட்டேன்.

விட்டேனே தவிர நம்பினேன் என்று நினைக்காதீர்கள். ஜாக்கெட் மறந்துவிட்டது, தெர்மாமீட்டர் வேண்டும் என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பதினோரு மணிக்குத் திடீரென்று போய் நிற்பேன். எப்போது போனாலும் ஒரே காட்சிதான். தரையில் பாய், அதில் பிள்ளைகள், நடுவில் சுமி காய் நறுக்கிக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருப்பாள். பாதி அவள் பாஷை, பாதி ஆங்கிலம். அவள் ஆங்கிலம் அரைகுறை. அதில் எல்லாமே இன்றைக்கு, இப்போது நடந்துகொண்டிருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். ஒரு சருகுமான் ஆற்றைக் கடக்க வேண்டும், ஆறு முழுக்க முதலை. ராஜா உங்களுக்கு விருந்து வைக்கிறார், எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னார், வரிசையாக நில்லுங்கள் என்று சொல்லி, ஒவ்வொரு முதலை முதுகிலும் மிதித்து எண்ணிக்கொண்டே அக்கரை போய்விடுகிறது. துணிக் கிளிப்புகளை வரிசையாக வைத்து நஸ்ரின் விரலால் தாண்டிக்கொண்டே, "சாத்து, துவா, தீகா" என்று எண்ணுவாள். முதலை ஏமாந்து நிற்கும் இடத்தில் அவள் சிரிக்கும் சிரிப்பு படிக்கட்டு வரை கேட்கும்.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தேடினால் கிடைக்காமல் போகுமா? ஒரு சனிக்கிழமை பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். கிளம்பும் நேரத்தில் சுமி போன் செய்தாள். "பச்ச டிரெஸ் போடாத. கடலுக்குள்ள ராணி இருக்கா. பச்ச போட்ட ஆளக் கூட்டிட்டுப் போயிருவா." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து வேளை தொழுகிறவள், ரமலானில் ஒரு நோன்பு விடாதவள், கடலில் ராணி இருக்கிறாள் என்கிறாளே. இவள் உண்மையிலேயே முஸ்லிம்தானா? அடுத்த நாள் கேட்டேவிட்டேன். அவள் கோபப்படவில்லை, சிரித்தாள். "தொழுகை வேற, இது கதை. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எங்க இமாமுக்கும் தெரியும்" என்றாள். என் உம்மா, கடலுக்குப் போன வாப்பாவின் பெயரைச் சொல்லி தர்காவில் ஔலியாவுக்கு நேர்ந்துகொண்டதெல்லாம் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. நம் வீட்டுச் சமாசாரம் என்றால் அது எப்படியோ மறந்துபோகிறது.

ஒருமுறை அவர்கள் கூட்டத்துக்கும் போனேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம், அடுத்த கட்டடத்தில், சுராபாயாவிலிருந்து வந்த ஒரு சீன வம்சக் கிறிஸ்தவர் வீட்டில் கூடுவார்கள். அவர்கள் ஊரில் கலவரம் நடந்தபோது கடையை எரித்துவிட்டார்கள் என்று இங்கே வந்த குடும்பம். எரித்தவர்கள் எந்த மதத்தின் பேரைச் சொன்னார்களோ, அந்த மதத்துக்காரிதான் சுமி. இரண்டு பேரும் ஒரே சமையலறையில் வாழையிலையில் சோறு சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் காகித வாலைக் கட்டிக்கொண்டு அந்த முதலைக் கதையை நடித்தார்கள். ஒரு பிள்ளை வசனத்தை மறந்து விழித்தது. அறையில் இருந்த அத்தனை பெரியவர்களும் ஒரே குரலில் எடுத்துக்கொடுத்தார்கள். பாதிரியார் மாதிரி இருந்த ஒருவர், தொப்பி போட்ட ஸ்லாமெத், சீனக்கார அம்மா, எல்லோரும். அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "சாமி வேற, சாப்பாடு வேற, வீட்ல பேசுற பாஷ வேற. இந்தக் கதைங்க மட்டும் எங்க எல்லாருக்கும் ஒண்ணு" என்றார். நல்ல வார்த்தை. நானோ பேப்பர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இவர்கள் என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நஸ்ரின் அவளை 'இபு' என்று கூப்பிடுவாள். பெயர் போல என்றுதான் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை யாரோ சொல்லித்தான் தெரிந்தது, அவர்கள் பாஷையில் அம்மாவை அப்படிக் கூப்பிடுவார்களாம். மரியாதைக்கு எல்லாப் பெண்களையும் அப்படித்தான் அழைப்பார்கள் என்று அடுத்த மூச்சிலேயே சொன்னார்கள். அந்த இரண்டாவது பாதி என் காதில் ஏறவே இல்லை. பொறாமைதான். அன்றிலிருந்து நான் சுமியைத் தப்புக் கண்டுபிடிக்கும் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

நஸ்ரினுக்கு நாலு வயது ஆனதும், ஒரு சர்ச்சின் பேஸ்மென்டில் நடந்த ப்ரீஸ்கூலில் சேர்த்தோம். காலையில் அங்கே, மத்தியானத்துக்கு மேல் சுமி வீடு. சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அழுகை. "நோ ஸ்கூல், ஐ வான்ட் இபு." மூன்றாவது நாள் ஆபீஸுக்குப் போன் வந்தது. உடனே வாருங்கள் என்றார் டைரக்டர் அம்மா. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார், ஆனால் குரல் அப்படிச் சொல்லவில்லை. ரூட் ஒன்னில் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

வாசலில் போலீஸ் கார். உள்ளே பிள்ளைகளையெல்லாம் வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். டைரக்டர் அம்மாவின் மேசையில் காகிதத் துண்டு விரித்து, அதன் மேல் நாலு சின்னத் துணி முடிச்சு. ஒன்று அவிழ்ந்து வெள்ளைப் பொடி சிந்தியிருந்தது. நடந்தது இதுதான்: விளையாடும்போது ஒரு பையன் நஸ்ரினைத் துரத்தியிருக்கிறான். இவள் பையிலிருந்து முடிச்சை அவிழ்த்து வெள்ளைப் பொடியை அவன் மேல் வீசியிருக்கிறாள். வீசிய பிள்ளையின் முழுப்பெயரை ரெஜிஸ்டரில் பார்த்திருக்கிறார்கள். மாநிலமோ நியூ ஜெர்ஸி. அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

இளவயசுப் போலீஸ்காரர் பேனா முனையால் மற்ற முடிச்சுகளையும் விலக்கிக் காட்டினார். ஒன்றில் ஊசிகள். ஒன்றில் ஏதோ விதை. ஒன்றில் கருப்பாக, நாறுகிற ஒரு கட்டி. அவர்கள் பொடியைப் பார்த்துப் பயந்திருந்தார்கள். எனக்குப் பொடி கண்ணிலேயே படவில்லை. நான் பார்த்தது ஊசியையும் உப்பையும் துணி முடிச்சையும். கீழக்கரையில் எனக்குப் பத்து வயதாக இருந்தபோது பக்கத்து வீட்டு வாசற்படிக்குக் கீழே இதே மாதிரி ஒரு முடிச்சு கிடைத்தது. ஊசி, உப்பு, கொஞ்சம் தலைமுடி. யாரோ வைத்த சூனியம் என்று தெருவே கூடிவிட்டது. பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதித் தண்ணீர் தெளித்த பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸில் மாஸ்டர்ஸ் வாங்கிய நான், ஒரு சர்ச்சுக்குக் கீழே, அமெரிக்கப் போலீஸ்காரர் முன்னால் நின்றுகொண்டு நினைத்தது இதைத்தான்: பாவி, என் பிள்ளைக்குச் செய்வினை வைத்திருக்கிறாள். பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறாள்.

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்றார் போலீஸ்காரர்.

"எங்க வீட்டுது இல்ல" என்றேன். "பேபிசிட்டர் குடுத்திருக்கா. இந்தோனேஷியாக்காரி."

பெயர் கேட்டார். சொன்னேன். எங்கே இருக்கிறாள் என்றார். கட்டட எண், கதவு எண் இரண்டும் சொன்னேன். அதோடு அவர் நிறுத்திக்கொண்டார், நான் நிறுத்தவில்லை. புருஷன் பெயர், வேலை பார்க்கிற இடம், விசிட்டர் விசாவில் வந்தவர்கள் என்று ஒருமுறை சுமி என்னிடம் சொல்லியிருந்தது, மாதத்துக்கு ஒரு ஞாயிறு நிறையப் பேர் கூடுவார்கள் என்பது, எல்லாம். கேட்காததையெல்லாம் கொட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு அந்தக் கருப்புக் கட்டியை முகர்ந்துவிட்டு, மீன் தீனி மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார். டைரக்டர் அம்மாவும் சிரித்தார். பொடியைச் சோதனைக்கு அனுப்புவது வழக்கம், பயப்பட வேண்டாம் என்று சொல்லி நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காரில் பின் சீட்டில் நஸ்ரின் விசும்பிக்கொண்டே வந்தாள். "உன்கிட்ட அதக் குடுத்து இபு என்ன சொன்னா? ஏதாச்சும் ஓதினாளா?" என்று அதட்டினேன்.

"இட்ஸ் ஃபார் த ஜயன்ட், உம்மா."

ஒரு டோனட் கடை ஓரம் காரை நிறுத்தினேன். பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டே கதையைச் சொன்னாள். பிள்ளையில்லாத ஒரு பெண்ணுக்கு ஒரு ராட்சசன் வெள்ளரி விதை கொடுக்கிறான். விதைத்தால் பொன்னிறத்தில் ஒரு வெள்ளரிக்காய், அதற்குள்ளே ஒரு பெண்குழந்தை. வளர்த்துக்கொள், பெரியவளானதும் எனக்குத் தின்னக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. அந்த நாள் வருகிறது. அம்மா என்ன செய்வாள்? ஒரு தவசியிடம் போய் நாலு முடிச்சு வாங்கிவந்து மகள் கையில் கொடுத்து, ஓடு என்கிறாள். ராட்சசன் துரத்துகிறான். பெண் விதையை வீசுகிறாள், வெள்ளரிக்கொடி காடாகப் படர்ந்து அவன் காலைச் சுற்றுகிறது. ஊசியை வீசுகிறாள், மூங்கில் புதராக முளைத்துக் குத்துகிறது. உப்பை வீசுகிறாள், கடலாகப் பெருகுகிறது. அவன் நீந்தி வந்துவிடுகிறான். கடைசியாக அந்த நாற்றக் கட்டியை, இறால் விழுதை வீசுகிறாள். அது கொதிக்கிற சேறாகி ராட்சசனை விழுங்கிவிடுகிறது. பெண் அம்மாவிடம் திரும்பி வந்துவிடுகிறாள்.

"இபுதான், ஸ்கூல்ல யாரும் சேஸ் பண்ணா நோ க்ரையிங். இத வச்சுக்கோ, உம்மா வந்துருவான்னு சொன்னா" என்றாள் நஸ்ரின்.

பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயந்த பிள்ளைக்கு, அவள் ஊரில் அம்மாக்கள் கொடுக்கிற தைரியத்தைக் கொடுத்திருக்கிறாள். அதிலும் அந்தக் கதையில் பிள்ளை திரும்பி வந்து சேர்வது அம்மாவிடம். என்னிடம். போலீஸ்காரர் இன்னும் அங்கேதான் இருப்பார், பத்து நிமிஷ ஓட்டம்தான். திரும்பிப் போய், ஐயா, இது ஒரு சிறுபிள்ளைக் கதை, அந்தப் பெண் தங்கமானவள், எழுதியதை அடித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். காரை வீட்டுக்கு ஓட்டினேன்.

மச்சானிடம் சொன்னேன். அவர், "விடு புள்ள. திரும்பப் போய் நின்னா நம்மளத்தான் தோண்டுவாங்க. கிரீன் கார்டு இப்பதான் லேபர் ஸ்டேஜ்ல, மொதப் படியில கெடக்கு" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சுமிக்குப் போன் செய்து, ப்ரீஸ்கூலில் முழுநாளும் போட்டுவிட்டோம், இனி பிள்ளையை அனுப்பவில்லை என்றேன். "ஓகே, ஓகே. நஸ்ரின் நல்லா சாப்பிடுதா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு லாண்டரி ரூமுக்கு அவள் வராத நேரம் பார்த்துப் போய்வந்தேன்.

குளிர்காலத்தில் ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட சில நாட்டு ஆண்கள் இமிக்ரேஷன் ஆபீஸில் போய்க் கைரேகையும் போட்டோவும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு நாடாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். மச்சான் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு, "நம்ம நாடு லிஸ்ட்ல இல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நானும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். இந்தோனேஷியா அந்த லிஸ்டில் இருந்தது. இரண்டு பேருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு சாயங்காலம் சுமியும் ஸ்லாமெத்தும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் வாழையிலையில் சுருட்டிய சோறு ஒரு தட்டு நிறைய. அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு ஸ்கூல் போலீஸ்ட்ட சொல்லிருச்சு. ரெண்டு பேர் வந்தாங்க. கிச்சன் பாத்தாங்க, பாஸ்போர்ட் பாத்தாங்க. ஊசி வெச்சது என் தப்பு. உனக்கு எவ்ளோ பயம் வந்திருக்கும். மன்னிச்சுக்க" என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், புரிகிறதா? நான் தலையை ஆட்டினேன். 'பரவால்ல' என்று வேறு சொன்னேன். சொல்லும்போதே அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன், எல்லாம் தெரிந்துகொண்டே என்னைச் சோதிக்கிறாளோ என்று.

ஸ்லாமெத் குனிந்தபடி பேசினான். பதிவு செய்யப் போனால் விசா முடிந்தது தெரிந்துவிடும், போகாவிட்டால் ஒளிந்த குற்றம். போவது என்று முடிவு செய்துவிட்டானாம். "ஒளியறது வேண்டாம். நான் தப்பான ஆள் இல்ல" என்றான். வக்கீல், தெரிந்தவர்களிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் நீ ஒருத்திதான் எங்களுக்குத் தெரியும் என்றாள் சுமி.

எழுதிக் கொடுத்தேன். எப்படி எழுதினேன் என்று கேளுங்கள். ஆபீஸில் பக் ரிப்போர்ட் எழுதுகிற கை அல்லவா? 'ஸ்லாமெத்தின் மனைவி சில காலம் என் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் நான் நேரில் கண்டவரை குறை சொல்லும்படி எதுவும் இல்லை. இவர்களுடைய குடியேற்ற நிலை பற்றி எனக்கு எதுவும் தெரியாது.' இதற்கு மேல் மச்சான் ஒரு வரி சேர்த்தார், 'எங்கள் அறிவுக்கு எட்டியவரை' என்று. ப்ரீஸ்கூல் சமாசாரத்தில் உண்மை என்னவென்று எழுதியிருந்தால் அதுதான் அவர்களுக்கு உதவியிருக்கும். இரண்டு வரி. அதை எழுதினால், அன்று போலீஸிடம் பேசியது யார் என்ற கேள்வி வரும். எழுதவில்லை. உறையில் போட்டு, ஒட்டி, மச்சான் கையில் கொடுத்தனுப்பினேன்.

ஸ்லாமெத் வரிசையில் நின்று பதிவு செய்தான். கைரேகை எடுத்தார்கள், கேஸ் நடந்தது, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். என்னால்தானா? வக்கீல் இருந்தும் அப்படித்தான் எங்கள் கட்டடங்களிலிருந்து நாலைந்து குடும்பம் போனது. அவர்களைப் பற்றி யாரும் போலீஸிடம் எதுவும் சொல்லவில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொள்வேன். சொல்லி முடித்ததும், சொன்ன ஆளையே நம்பமாட்டேன்.

போவதற்கு முதல் நாள், காலை பத்து மணி இருக்கும், சுமி கீழே வந்து நின்று கூப்பிட்டாள். நான் மட்டும் இறங்கிப் போனேன். அந்த உறையை நீட்டினாள். "வக்கீல் இது வேண்டாம்னுட்டாரு. அங்க ஃபைல்ல இருந்தா உன் பேர் இருக்கும். உன் கிரீன் கார்டுக்குக் கெடுதல். நீயே வெச்சுக்க" என்றாள். உறை பிரிக்கப்பட்டிருந்தது. படித்திருப்பாளா? அந்த அரைகுறை ஆங்கிலத்தில் என்ன புரிந்திருக்கும்? இல்லை, யாராவது படித்துச் சொல்லியிருப்பார்களா? முகத்தில் ஒன்றுமே இல்லை. எப்போதும் போலத்தான் இருந்தாள்.

"நஸ்ரினப் பாக்கலாமா?"

"தூங்குறா" என்றேன்.

மேலே ஜன்னல் திறந்திருந்தது. கார்ட்டூன் சத்தமும், அதற்கு நஸ்ரின் சிரிக்கும் சத்தமும் நன்றாகவே கேட்டன. சுமி ஒருமுறை மேலே நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தூங்கட்டும்" என்றாள். சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பிள்ளை அவளைப் பார்த்தால் கட்டிக்கொண்டு அழும். அதை என்னால் நின்று பார்த்திருக்க முடியாது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதோடு நின்றது. சுராபாயாக் குடும்பம் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. சுமியின் ஊர் கிழக்கு ஜாவாவில் எந்தப் பக்கம் என்று நான் கேட்டதேயில்லை, விலாசமும் வாங்கவில்லை. நஸ்ரின் கொஞ்ச நாள் துணிக் கிளிப்புகளை வரிசை வைத்து எண்ணினாள். கிண்டர்கார்டன் போனதும் அந்த எண்கள் அவள் வாயிலிருந்து போயின. பின்னாலேயே தமிழும் பாதி போனது. அந்தப் பதிவுச் சட்டத்தையே பிறகு எடுத்துவிட்டார்கள். எங்களுக்குக் கிரீன் கார்டு வந்தது, பிறகு சிட்டிசன்ஷிப்பும் வந்தது. சின்ன வயசில் என்னை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று காலேஜ் போன பிறகு நஸ்ரின் ஒருமுறை கேட்டாள். டேகேர் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவள் சிநேகிதி ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்துக்கொள்கிறாளாம். அன்று சீனக் கடையிலிருந்து திரும்பி வரும்போது காரில் கேட்டாள், "உம்மா, நான் குட்டியா இருக்கும்போது எனக்கு என்ன ஸ்டோரி சொல்லுவே? ஐ டோன்ட் ரிமெம்பர் எனிதிங்."

வெள்ளரிக்கொடி, மூங்கில், கடல், கொதிக்கிற சேறு, ஒரு வரி விடாமல் எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால், நல்லாருக்கே, இது யார் சொன்ன கதை என்று கேட்பாள்.

"கதையெல்லாம் எங்க சொன்னேன், வேலைக்குப் போயிட்டுல்ல இருந்தேன்" என்றேன்.